சேலம் மேற்றிராணியார்களும் எங்கள் ஆயாவின் பெயரும்

போன ஆடியில் ஏற்காட்டில் அடித்த காற்று மழையில் எஸ்டேட் ஓரத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்று முறிந்து எங்கள் ஆயாவின் கல்லறைமேல் விழுந்தது. சிமெண்டுச் சிலுவை இரண்டாக உடைந்துவிட்டது. அதில் பெயிண்டால் எழுதியிருந்த எழுத்து என்றைக்கோ மழையில் கரைந்து போயிருந்தது. கல்லறைத் திருநாளுக்குள், அதாவது நவம்பர் 2-க்குள், நல்ல கருங்கல்லாகவே வைத்துவிட வேண்டும் என்று தங்கை பிடிவாதமாகச் சொன்னாள். சேலத்தில் கல் வெட்டுகிறவரிடம் போனோம். அவர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "பேர் என்னங்க? பொறந்த வருஷம் என்னங்க?" என்று கேட்டார்.

இறந்த வருஷம் 1984 என்று தெரியும். பிறந்த வருஷம் எங்கள் யாருக்கும் தெரியாது. பெயரிலாவது தகராறு இருக்காது என்று நினைத்தேன். அதிலும் இருந்தது. வீட்டில் அவள் சூசையம்மாள். ரேஷன் கார்டில் சூசம்மா. வெளிநாட்டில் இருக்கும் தங்கை மகன் போனில், "மாமா, ஜோசஃபின் என்று போடுங்கள், அதுதான் பார்க்க நன்றாக இருக்கும்" என்கிறான்.

நான் முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் வேலை பார்த்தவன். முகவரி சரியில்லாத கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கம் இல்லை. ஆயா பிறந்தது மலையில்தான், ஞானஸ்நானமும் மலையில்தான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆகவே ஏட்டைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, பங்குத் தந்தைக்குப் போன் செய்துவிட்டு, காலை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன்.

பங்குத் தந்தை இளைஞர். தேநீர் கொடுத்து, பழைய ஞானஸ்நான ஏடுகளை மேசைமேல் எடுத்து வைத்தார். தோல் அட்டை, உள்ளே பழுப்புத் தாள், சாய்வான கையெழுத்து. எல்லாம் லத்தீன். எஸ் எழுத்தில் சூசையைத் தேடினேன். அரை மணி நேரம் போனது, கிடைக்கவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. சூசை என்பது யோசேப்புதானே! ஜே எழுத்தில் பார்த்தேன். இருந்தாள். 1914-ஆம் வருஷம். பெயர் யோசேஃபா. வயது ஏறக்குறைய மூன்று. தகப்பன் தொழில் என்ற இடத்தில் கூலி. பக்கத்தில் எங்கள் சாதியின் பெயர். கீழே ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரின் பிரெஞ்சுக் கையெழுத்து.

ஆயா பிறந்தது 1911 என்று தெரிந்துவிட்டது. வந்த காரியம் பாதி முடிந்தது. ஆனால் ஏட்டை மூட மனம் வரவில்லை. மேலும் புரட்டினேன். மேற்றிராணியார் பங்கு விசாரணைக்கு வரும்போது ஏட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது வழக்கம். சில வருஷங்களுக்கு ஒரு கையெழுத்து. முதல் ஏடுகளில் எல்லாம் பிரெஞ்சுப் பெயர்கள். பிந்திய ஏடுகளில் தமிழ்ப் பெயர்கள். இந்த மாற்றத்துக்கு எத்தனை காலம் பிடித்தது என்று பஸ்ஸில் இறங்கி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேலம் சீமைக்குக் கத்தோலிக்க மதம் வந்தது 1623-ல். கொண்டுவந்தவர் ராபர்ட் தெ நொபிலி. தத்துவ போதகர் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1606-ல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் படித்த இத்தாலிய சேசு சபைச் சாமியார். அவருடைய வாழ்க்கை முறை கிறிஸ்தவத்துக்கு ஒத்ததா என்ற வழக்கு ரோமாபுரி வரை போய், 1623 ஜனவரியில் போப்பாண்டவர் 15-ஆம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அதே ஆண்டில் அவர் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்து, அங்கிருந்து சேலம் சேர்ந்தார். சேலத்துக் குறுநில நாயக்கரின் அண்ணன் திருமங்கள நாயக்கர் 1625-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஆக, நம் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவம் வெள்ளைக்காரத் துரைகள் காலத்தது அல்ல. நாயக்கர் காலத்தது. இதைப் பலர் அறியாமல் பேசுகிறார்கள்.

பிறகு நூற்றைம்பது வருஷம் கழித்து ஒரு பெரிய இடி. 1773-ல் போப்பாண்டவர் 14-ஆம் கிளமெந்து சேசு சபையையே கலைத்துவிட்டார். தமிழ்நாட்டில் இருந்த சபைகள் மேய்ப்பன் இல்லாத ஆடுகள் ஆயின. 1776-ல் புதுச்சேரியை மையமாகக் கொண்டு பாரிஸ் வேதபோதக சபையார் பொறுப்பு ஏற்றார்கள். அன்றிலிருந்து ஏறக்குறைய நூற்றெழுபது வருஷம் எங்கள் பக்கத்துக்குப் பிரெஞ்சுச் சாமியார்கள்தான்.

அவர்களைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1844-ல் புதுச்சேரியில் அவர்கள் ஒரு சங்கம் கூட்டினார்கள். பள்ளிக்கூடம் வேண்டும், உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும் என்று அதில் முடிவானது. மறு வருஷமே ரோமாபுரியிலிருந்தும் அதே கருத்தில் கட்டளை வந்தது. உள்நாட்டாரை வெறும் துணைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், மேற்றிராணியார் ஆகும் அளவுக்குத் தயார் செய்யுங்கள் என்பது அதன் சாரம். 1845-ல் எழுதிய தாள் அது. தமிழ்நாட்டில் முதல் தமிழ் லத்தீன் மேற்றிராணியார், தூத்துக்குடியின் திபுர்சியுஸ் ரோச், பட்டம் பெற்றது 1923-ல். இடையில் 78 வருஷம். தபால் இலாகாவில்கூட இவ்வளவு தாமதம் பார்த்ததில்லை.

1886-ல் போப்பாண்டவர் 13-ஆம் சிங்கராயர் இந்தியாவில் முறையான மேற்றிராசனங்களை நிறுவினார். புதுச்சேரி அதிமேற்றிராசனம் ஆனது. 1899-ல் அதிலிருந்து கும்பகோணம் பிரிந்தது. சேலத்துக்கு இன்னும் தனி மேற்றிராணியார் இல்லை.

இந்தக் காலத்தில்தான் எங்கள் மலையிலும் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. சேர்வராயன் மலை அதற்கு முன் மலையாளிகளின் மலை. கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆளும் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் வழி நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. அவர்கள் தெய்வம் மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதற்குப் பின்னால் எஸ்டேட், பங்களா, கிளப் எல்லாம் வந்தன. காப்பிக்குக் கை வேண்டும். கீழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. 1871-க்கும் 1881-க்கும் நடுவில் ஜில்லாவின் ஜனத்தொகை லட்சக்கணக்கில் குறைந்திருக்கிறது. அந்தப் பஞ்சத்தில் தப்பிப் பிழைக்க மலையேறியவர்தான் ஆயாவின் தாத்தா என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

ஆக, மலைமேல் கோவிலுக்கு இரண்டு விதமான ஜனம் வந்தது. ஒன்று எஸ்டேட் துரைமார்களும் குளுமைக்காக வந்து தங்கிய வெள்ளைக்காரரும். மற்றது கூலி ஜனம். ஆயா சொல்வாள்: "முன்னால நாற்காலி துரைங்களுக்கு. பின்னால தரை நமக்கு. பூசை மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு, ஏன்னா ரெண்டு பேருக்கும் அது புரியாது."

பள்ளிக்கூடமும் அப்படித்தான் தொடங்கியது. 1894-ல் குளூனி சூசையப்பர் சபைக் கன்னியாஸ்திரிகள் திரு இருதயப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1917-ல் கபிரியேல் சபைச் சகோதரர்கள் மான்போர்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள். பிற்காலத்தில் நடிகர் விக்ரம் போன்றவர்கள் படித்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பா அந்தச் சுவர் ஓரமாக நடந்துபோய்த்தான் எஸ்டேட் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சகோதரர்களும் கன்னியாஸ்திரிகளும் மலைக்குச் செய்த நன்மை பெரிது. ஆனால் சுவருக்கு உள்பக்கம் இருந்து எழுதுகிற சரித்திரமும் வெளிப்பக்கம் நடந்து போனவன் எழுதுகிற சரித்திரமும் ஒன்றாக இருக்காது.

1930 மே 26. போப்பாண்டவர் 11-ஆம் பத்திநாதர் சேலம் மேற்றிராசனத்தை உண்டாக்கினார். புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மூன்று மேற்றிராசனங்களின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்த துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மேற்றிராணியார் ஹென்றி புருனியே, பாரிஸ் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். ஏறக்குறைய அதே சமயத்தில் கும்பகோணம் தமிழரான பீட்டர் பிரான்சிஸ் ராயப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு கதவில் தமிழர் உள்ளே போகிறார், பக்கத்துக் கதவில் பிரெஞ்சுக்காரர் உள்ளே போகிறார். சேலம் இன்னும் இருபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

புருனியே காலம் நாடு விடுதலை அடைந்த சமயத்தில் முடிந்தது. 1949-ல் வெண்மணி செல்வநாதர் சேலம் மேற்றிராணியார் ஆனார். 1623-லிருந்து கணக்குப் போட்டால் 326 வருஷம். ஆயாவுக்கு அப்போது வயது 38. அவள் அதைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் எனக்கு நினைவிருக்கிறது: "நம்ம பேச்சு பேசுற மேற்றிராணியார்." வேறு எந்தப் பாராட்டும் அவள் சொன்னதில்லை. அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

செல்வநாதர் 24 வருஷம் சேலத்தில் இருந்து, 1973-ல் புதுச்சேரி-கடலூர் அதிமேற்றிராணியாராகப் போனார். பெரிய மாற்றங்கள் எல்லாம் அவர் காலத்தில்தான். 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. அதன் பலனாகப் பூசை தமிழுக்கு வந்தது. நான் அப்போது சிறுவன். அதுவரை சாமியார் பீடத்தைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லத்தீனில் முணுமுணுப்பார். நாங்கள் பாட்டுக்குச் செபமாலை உருட்டுவோம். ஒரு நாள் அவர் திரும்பி நின்று தமிழில் ஆரம்பித்தார். ஆயா செபமாலையை மடியில் போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டாள். வீட்டுக்கு வந்து, "இத்தனை வருஷமா இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரா?" என்றாள். ஆச்சரியமா வருத்தமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சொற்களும் அதற்குப் பிறகு மாறின. மேற்றிராணியார் ஆயர் ஆனார். மேற்றிராசனம் மறைமாவட்டம் ஆனது. பூசை திருப்பலி ஆயிற்று. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆயிற்று. சர்வேசுரன் இறைவன் ஆனார். நல்ல தமிழ்தான். ஆனால் ஆயா கடைசி வரை சர்வேசுரனைத்தான் கூப்பிட்டாள். "புதுப் பேர் சொன்னா அவருக்குத் தெரியுமோ என்னவோ" என்பாள்.

1974-ல் மைக்கேல் போஸ்கோ துரைசாமி ஆயரானார். 1999 வரை, கால் நூற்றாண்டு. அவர் காலத்தில், 1997 ஜனவரி 24-ல், தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. ஜோசப் அந்தோணி இருதயராஜ் அதன் முதல் ஆயர். தருமபுரி, கிருஷ்ணகிரி அந்தப் பக்கம் போக, சேலம், நாமக்கல் மட்டும் இந்தப் பக்கம் நின்றன. தைத்த துணி மறுபடி கிழிந்தது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓசூரிலிருந்து ஒரு கல்யாண அனுமதிக்குச் சேலம் நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயம் வரை வந்தவர்களுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

2000-ல் செபஸ்தியானப்பன் சிங்கராயன் வந்தார், 2020 வரை இருந்தார். 2021-ல் அருள்செல்வம் ராயப்பன்.

இந்தப் பெயர்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். புருனியே. செல்வநாதர். துரைசாமி. சிங்கராயன். ராயப்பன். சிங்கராயர் என்றால் லியோ. 1886-ல் மேற்றிராசனங்களை நிறுவிய போப்பாண்டவரின் பெயர் அதுவே. ராயப்பர் என்றால் பேதுரு. ரோமாபுரியின் முதல் போப்பாண்டவர். அருளப்பர் யோவான், சின்னப்பர் பவுல், சந்தியாகப்பர் யாக்கோபு, சவேரியார் சவரிமுத்து. நம் ஜனம் பரலோகத்தில் இருப்பவர்களுக்கே தமிழ்ப் பெயர் வைத்துக் கூப்பிட்டுவிட்டது. ஏட்டில் சாமியார் யோசேஃபா என்று எழுதினார், வீட்டில் தாய் சூசை என்று கூப்பிட்டாள். நூறு வருஷம் இரண்டும் தனித்தனியாக இருந்தன. ராயப்பன் என்ற தமிழ்ப் பெயர் ஆயரின் கையெழுத்தாகவே வரும்போது, தாய் கூப்பிட்ட பெயர் ஏட்டுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இதோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் ஏட்டில் ஆயாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சாதிப் பெயரை நான் பார்த்தேனே, அதை என்ன செய்வது?

அதுவும் பழைய கதைதான். தத்துவ போதகர் சாதி வழக்கத்தோடு ஒத்துப்போய்த்தான் வழி கண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதை விடவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல் திண்டாடினார்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்துச் சுவர் இருந்தது. 1910-ல்தான் அதை இடித்தார்கள், அதற்கும் கோர்ட்டு வழக்கு நடந்தது. 2003 நவம்பரில், ரோமாபுரிக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப்பாண்டவர் 2-ஆம் அருள் சின்னப்பர் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2003-லும் பேச வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அரசாங்கத்தின் கணக்கு இன்னும் வேடிக்கை. 1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். தமிழ்நாட்டில் பிற்பட்டோர் கணக்கில் சேர்க்கிறார்கள். மதம் மாறினால் சாதி போய்விட்டது என்கிறது சட்டம். போகவில்லை என்கிறது ஏடு.

வெளிநாட்டுப் பெயர் தமிழ்ப் பெயராக மாறியதை நான் கொண்டாடுகிறேன். பக்கத்தில் இருக்கும் அந்தச் சொல் எல்லார் மனதிலிருந்தும் எப்போது அழியும் என்பதுதான் அடுத்த கணக்கு. முன்னதற்கு 326 வருஷம். பின்னதற்கு அத்தனை ஆகாது என்று நம்புகிறேன். நான் பார்த்த சமீபத்திய ஏட்டில் அந்தக் கட்டமே இல்லை. பங்குத் தந்தையிடம் காட்டினேன். "ஏட்டில் எடுத்துவிட்டோம் ஐயா, கல்யாணப் பேச்சில்தான் இன்னும் எடுக்கவில்லை" என்றார். அவர் உண்மையைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கல் அக்டோபர் கடைசி வாரம் வந்து சேர்ந்தது. டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோய் நானும் தங்கையும் பக்கத்தில் நின்று நட்டோம். தங்கை மகனுக்குப் போட்டோ அனுப்பினேன். ஜோசஃபினும் இல்லை, யோசேஃபாவும் இல்லை. "சூசையம்மாள், 1911–1984" என்று இருக்கிறது. கீழே ஒரு வரி வேண்டுமா என்று கல் வெட்டுகிறவர் கேட்டார். வேதாகம வசனம் ஏதாவது போடலாம் என்றாள் தங்கை. நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்று வெட்டச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கட்டும்.